துளையும் ஓட்டையும்

தமிழில் துளையைக் குறிக்கும் சொற்கள் பல. புழை, புரை, பொள்ளல், பொத்தல், ஓட்டை, பொந்து, வளை, கண் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நிகண்டு கற்றவர் இவற்றையெல்லாம் ஒரே பொருளுடையன என்று எளிதிற் கூறிவிடுவர். ஆயினும் மக்கள் வழக்கை உற்றுநோக்கினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியிடம் உண்டு என்பது விளங்கும். எலி வாழ்வது வளை. கிளி வாழ்வது பொந்து. தேங்காய்க்கு இருப்பது கண். குடம் ஒழுகினால் அஃது ஓட்டைக்குடம். ஆனால், குழலில் இருப்பது துளை. ஒரு குழலில் ஓட்டை விழுந்தது என்று சொன்னால் அக்குழல் கெட்டது என்பது பொருள். அதே குழலில் துளையிட்டனர் என்று சொன்னால் அஃது இசைக்கத் தகுதி பெற்றது என்பது பொருள். தானே விழுவது ஓட்டை. ஒருவர் எண்ணி, அளந்து, கருவி கொண்டு இடுவது துளை.

துளையிடுதலைத் தனித்தொழிலாகக் கொண்டோர் பண்டே இந்நாட்டில் இருந்தனர். மணிகளைத் துளையிடுவோரைக் ‘குயினர்’ என்று மதுரைக்காஞ்சி குறிக்கிறது. பொள்ளுதல் என்பதும் உளியால் துளைத்தலையும் செதுக்குதலையும் உணர்த்தும் பழஞ்சொல்லே. திருநாரையூரில் எழுந்தருளியிருக்கும் பிள்ளையார், உளியால் பொள்ளப்படாமல் தாமே தோன்றியவர் என்னும் கருத்தால் ‘பொள்ளாப் பிள்ளையார்’ எனப்பட்டார். நம்மவர் நாவில் அது ‘பொல்லாப் பிள்ளையார்’ ஆயிற்று! ஓர் எழுத்து மாறியதும் பாவம், பிள்ளையார் பொல்லாதவர் ஆகிவிட்டார்.

சொல்லளவில் நான் அறிந்திருந்த இவ்வேறுபாட்டைப் பொருளளவில் கண்டது ஒரு சிறு பட்டறையில். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வாரத்தில் இரண்டு மாலை பெரியபுராணம் படித்துப் பொருள் சொல்லி வருகிறேன். கேட்க வருவோரில் பலர் என்னினும் மூத்தவர். அவர்கள் செவிக்கு எட்டும்படி பேசுவதற்கு என் குரலுக்கு இப்போது ஆற்றல் இல்லை. பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மரக்கூட்டைக் கறையான் அரித்துவிட்டது. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, உள்ளிருக்கும் பகுதிகள் நன்றாகவே இருப்பதாகவும், அலுமினியத் தகட்டால் புதிய கூடு செய்துவிடலாம் என்றும் சொன்னாள். முன்னாளில் என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கிறார். தகடு வெட்டுதலும் துளையிடுதலும் அவள் செய்வது, மின்சார இணைப்பை மட்டும் அவர் செய்வது என்று ஏற்பாடாயிற்று. நான் ஒரு முக்காலியில் அமர்ந்து பார்ப்பவன் ஆனேன்.

அலுமினியம் நமக்கு அயலான உலோகம் என்று எண்ணிவிடாதீர்கள். மண்ணில் நிறைந்து கிடந்தும், அதனைப் பிரித்தெடுக்கும் வழி தெரியாமையால் நெடுங்காலம் அஃது அரும்பொருளாகவே இருந்தது. 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதனைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். இருவரும் 1863-இல் பிறந்தனர். இருவரும் 1914-இல் மறைந்தனர். இத்தகைய ஒற்றுமையைக் கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார். அவர்கள் கண்ட முறையால் அலுமினியம் மலிந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1898-இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் மேட்டூரில் 1965-இல் அலுமினிய உருக்காலை இயங்கத் தொடங்கியது; சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய கனிமண் அதற்கு உணவாயிற்று. அவ்வுருக்காலை 2008-இல் நின்றுபோயிற்று.

பேத்தியின் கையில் இருந்த தகடு 1.6 மில்லிமீட்டர் கனமுடையது. முன்பக்கத்திற்கு அதில் இடவேண்டிய துளைகள் பலவகை. திருகாணிகளுக்கு 3 மி.மீ. துளைகள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு 7 மி.மீ. துளை, ஒலிவாங்கியின் கம்பியைச் செருகும் வாய்க்கு 24 மி.மீ. துளை. பின்பக்கத்தில் மின்சாரக் கம்பி நுழைவதற்கு 10 மி.மீ. துளை ஒன்று. மேற்பக்கத்தில் வெப்பம் வெளியேறச் சிறு துளைகள் இரண்டு வரிசை. மாற்றுத்தகடு இல்லை. ஒரு துளை பிழைத்தால் தகடு முழுதும் பிழைத்ததாகும்.

பட்டறைக்காரர் துளையிடும் பொறியை எடுக்கவே இல்லை. முதலில் தகட்டின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டச் செய்தார். கோடுகளைத் தாளில் இழுத்தால் தகட்டில் கீறல் விழாது. பேத்தி முதல் துளையின் நடுப்புள்ளியைக் குறித்து, அதிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளக்கத் தொடங்கினாள். அவர் தடுத்தார். “அப்படி வேண்டாம், அம்மா. எல்லாவற்றையும் ஒரே விளிம்பிலிருந்து அளந்து குறி. ஒன்றிலிருந்து ஒன்றை அளந்தால், ஒவ்வொரு முறையும் நேரும் மயிரிழைப் பிழை பத்தாவது துளையில் ஒரு விரற்கடை ஆகிவிடும்” என்றார். ஏடெழுதுவோர் ஒரு படியைப் பார்த்து மறுபடி எழுத, அதனைப் பார்த்து மற்றொரு படி எழுதப் பாடவேறுபாடுகள் பெருகியது எனக்கு நினைவு வந்தது. மூலத்தை விட்டு விலகிச் செல்லச் செல்லப் பிழை வளரும்.

குறித்த புள்ளியில் கூர்முனைப் பொளியை வைத்து ஒரே அடி. ‘சென்டர் பஞ்ச்’ என்பது பட்டறையில் அதற்கு வழங்கும் பெயர். அந்தச் சிறு குழி இல்லையேல், சுழலும் துரப்பணத்தின் முனை வழவழப்பான தகட்டில் நில்லாது வழுக்கித் திரியும். அடியிலே கெட்டியான மரக்கட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். வெறுங்காற்றின் மேல் தகட்டை வைத்து அடித்தால் தகடு பள்ளமாகிவிடும். மிக ஓங்கி அடித்தாலும் அவ்வாறே. அலுமினியம் மெல்லியல்புடையது, இரும்பிற்குக் கொடுக்கும் அடியை அதற்குக் கொடுத்தல் ஆகாது.

இனித்தான் ஆபத்தான கட்டம். கனமான இரும்புத் துண்டில் துளையிடுவது மெல்லிய தகட்டில் துளையிடுவதினும் பாதுகாப்பானது என்றால் நீங்கள் வியப்படையலாம். நானும் வியந்தேன். அதன் காரணத்தைப் பட்டறைக்காரர் ஒரு கரித்துண்டால் பலகையில் வரைந்து காட்டினார். துரப்பண அலகின் நுனி கூம்பு வடிவானது. பொதுவாக அக்கூம்பின் கோணம் 118 பாகை. 10 மி.மீ. அலகானால் அக்கூம்பின் உயரம் 3 மி.மீ. ஆகும். நம் தகட்டின் கனமோ 1.6 மி.மீ. ஆகவே, அலகின் முழு அகலமும் தகட்டைத் தொடுமுன்பே அதன் நுனி மறுபுறம் வெளியேறிவிடுகிறது. நடுவில் பிடித்து நிறுத்தும் பிடிப்பு இல்லாமையால் அலகு ஆடுகிறது. விளைவு, வட்டமாக இருக்க வேண்டிய துளை முக்கோணம் போல் ஆகிறது. அதனினும் கொடியது ஒன்று உண்டு. அலகின் வெட்டுவாய் தகட்டின் விளிம்பைக் கவ்வி, தகட்டையே மேலே தூக்கித் தன்னோடு சுழற்றத் தொடங்கும். கையால் பிடித்திருப்பவர் நிலை என்னாகும்? சுழலும் தகட்டின் விளிம்பு வாளினும் கூரியது. அவர் தம் இடக்கையை விரித்துக் காட்டினார். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெள்ளைத் தழும்பு. இளமையில் வேறொரு பட்டறையில் வேலை கற்றபோது, அவசரம் என்று முதலாளி சொன்னாராம். தகட்டைக் கையாலேயே பிடித்தாராம். இரண்டு மாதம் அக்கையால் எழுத இயலவில்லை என்றார். என் வகுப்பில் அழகிய கையெழுத்துக்குப் பெயர்பெற்றவர் அவர். அதன்பின் அவர் எழுத்தை நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

பேத்தி ஒன்றும் பேசாமல் தன் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்தாள். துப்பட்டாவை எடுத்து என் மடியில் வைத்தாள்.

தகட்டின் மேலும் கீழும் பழைய மரப்பலகைத் துண்டுகளை வைத்து, மூன்றையும் சேர்த்து இரும்புப் பிடிகளால் மேசையோடு இறுக்கினார்கள். இப்போது அலகு முதலில் மரத்தில் நுழைகிறது. மரமே அதற்கு வழிகாட்டியாகிறது. தகட்டைத் துளைத்து வெளியேறும்போது கீழ்ப்பலகை தாங்குவதால் பின்பக்கம் கிழிந்து பிதுங்குவதில்லை. மேற்பலகையால் பொளியிட்ட குறி மறைந்துவிடுமே என்றால், அதற்கும் வழி உண்டு. முதலில் மேற்பலகை இல்லாமல், அடியிற் பலகையோடு தகட்டை இறுக்கி, எல்லாப் புள்ளிகளிலும் 3 மி.மீ. துளையிட்டுவிடுவது. பின்னர்த் தகட்டைத் திருப்பி, கீழேயுள்ள அத்துளைகளின் வழியே மேற்பலகையிலும் சிறு துளையிட்டுக்கொண்டு, மீண்டும் நேராக வைத்து இறுக்குவது. அலகு அச்சிறு துளையைப் பற்றிக்கொண்டு நேராக இறங்கும்.

அலுமினியத்திற்கு மற்றொரு குணம் உண்டு. அது வெட்டுவாயில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துணுக்கு அலகைப் பருக்கச் செய்து துளையைச் சொரசொரப்பாக்கும். ஆதலால் சிறிது மண்ணெண்ணெயைத் தூரிகையால் தடவினார்கள். சிலர் துணுக்குகளை வாயால் ஊதுவர்; அவை கண்ணில் தெறிக்கும். தூரிகையால் தள்ளுவதே முறை. கண்ணாடி அணியாமல் அருகே நிற்கக் கூடாது என்று சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார், என் மூக்குக்கண்ணாடி போதாது என்று.

24 மி.மீ. துளைதான் பெரிய சோதனை. இவ்வளவு பெரிய துளைக்குத் தனிக்கருவிகள் உண்டு. வட்டமான ரம்பம் உண்டு. படிப்படியாகப் பருத்துச் செல்லும் கூம்பலகு உண்டு. தகட்டின் இருபுறமும் வைத்துத் திருகினால் வட்டமாக நறுக்கித்தள்ளும் இரட்டைப் பொளியும் உண்டு. அந்தப் பட்டறையில் இவற்றுள் ஒன்றும் அந்த அளவில் இல்லை. “அரம் இருக்கிறது, போதும்” என்றார் அவர்.

கவராயத்தால் 24 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்று இட்டார்கள். அதனுள்ளே 20 மி.மீ. விட்டத்தில் மற்றொரு வட்டம். உள்வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 63 மி.மீ. அதன்மேல் 19 புள்ளிகள் குறித்து, ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. துளையிட்டால், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே எஞ்சுவது 0.3 மி.மீ. மட்டுமே. துளைகளின் வெளிவிளிம்பு 23 மி.மீ. வட்டத்தில் நிற்கும். ஆகவே சுற்றிலும் அரை மி.மீ. அரத்திற்கு மீதி. இந்தக் கணக்கைப் பேத்தியே தன் நோட்டில் போட்டாள். தேர்வுக்குப் படித்த வட்டத்தின் சுற்றளவு இங்கே வந்து உதவியது குறித்து அவளுக்குச் சிறிது பெருமை.

பத்தொன்பது துளைகளும் இட்டாயின. தாமரைப் பொகுட்டைச் சுற்றிக் குத்தியது போல் அவை தோன்றின. இடையிலுள்ள மெல்லிய பாலங்களைச் சிற்றுளியால் ஒவ்வொன்றாகத் தட்டி அறுத்தாள். நடுவட்டம் ‘ணங்’ என்று தரையில் விழுந்தது. எஞ்சியது பற்களைப் போன்ற விளிம்பு. அரைவட்ட அரத்தை எடுத்து அதனைத் தேய்க்கலானாள்.

அரம் பிடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. முன்னே தள்ளும்போது மட்டுமே அழுத்துதல் வேண்டும்; பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கும். தள்ளும்போதே வட்டத்தை ஒட்டிச் சிறிது திருப்பிக்கொண்டும் போக வேண்டும்; ஓரிடத்திலேயே தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். அலுமினியத் துகள் அரத்தின் பற்களில் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பட்டறைக்காரர் செய்த மருந்து என்ன தெரியுமா? சாக்கட்டி! நாம் கரும்பலகையில் எழுதும் அதே சாக்கட்டியை அரத்தின்மேல் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். பற்களின் இடுக்கில் சுண்ணம் நிறைந்திருப்பதால் உலோகத்துகள் ஒட்டாது. முப்பத்தைந்து ஆண்டு சாக்கட்டி பிடித்த கைக்கு இந்தப் பயன் தெரியாமற் போயிற்றே என்று சிரித்துக்கொண்டேன்.

விரைந்து முடிக்கச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தால் என்ன என்று அங்கிருந்த சிறுவன் ஒருவன் கேட்டான். பட்டறைக்காரர் முகம் மாறியது. இரும்புக்கென்று அமைந்த சாணையில் அலுமினியத்தைத் தீட்டினால், மெல்லிய உலோகம் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும்; கல் சூடேறி வெடிக்கவும் கூடும். “என் பட்டறையில் அந்தப் பேச்சே வேண்டாம், தம்பி” என்றார்.

வட்டம் கோட்டை எட்டியது. செருகுவாய் சிக்கென உள்ளே அமர்ந்தது. வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். “ஐயா, உட்காருங்கள், இனிமேல்தான் வேலை” என்றார் அவர்.

எஞ்சியது பிசிறு எடுத்தல். துளையிட்ட ஒவ்வொரு விளிம்பிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத உலோக முட்கள் நிற்கும். இவற்றுக்குப் பிசிறு என்று பெயர். சிறு துளைகளுக்குப் பெரிய அலகு ஒன்றைப் பொறியில் மாட்டாமல் விரல்களாலேயே பிடித்து, துளையின் வாயில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் பிசிறு சுருளாக வந்துவிடும். அழுத்திச் சுற்றினால் வாய் அகன்று போகும். பெரிய துளைகளுக்கு உப்புத்தாளை மரக்குச்சியில் சுற்றித் தேய்க்க வேண்டும். முன்பக்கம் அழகாக இருந்தால் போதும் என்று பின்பக்கத்தை விட்டுவிடுவோர் பலர். அவரோ பின்பக்கத்தையே முதலிற் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலின் நுனியை ஒவ்வொரு துளையின் உள்விளிம்பிலும் மெதுவாக ஓட்டினார். விரல் எங்கேனும் தடைப்பட்டால் அவ்விடத்தைக் கரித்துண்டால் குறித்துப் பேத்தியிடம் கொடுத்தார்.

மின்சாரக் கம்பி நுழையும் துளைக்கு வந்தபோது, அதனை மட்டும் மும்முறை திருப்பிக் கொடுத்தார். அவள் சலித்துக்கொண்டாள். “மாமா, இது பின்பக்கம். யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றாள்.

“யாரும் பார்க்கப் போவதில்லை, அம்மா. தொடப் போகிறார்கள்” என்றார் அவர். பிறகு விளக்கினார். கம்பியின் மேலுறை மெல்லியது. பெட்டியை எடுத்துச் செல்லும்போதும், பாட்டின் அதிர்விலும் கம்பி சிறிது சிறிதாக அசையும். விளிம்பில் ஒரு முள் நின்றாலும் போதும். நாள்தோறும் உராய்ந்து உராய்ந்து ஒரு நாள் உறையை அறுத்துவிடும். உள்ளே ஓடும் 230 வோல்ட் மின்சாரம் உலோகக்கூடு முழுவதும் பரவும். அப்போது குமிழைத் திருப்ப வருபவர் யாரோ? ஈரக்கையோடு வரும் குருக்களாக இருக்கலாம், நானாக இருக்கலாம். இதற்காகவே அத்துளையில் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். பிசிறுள்ள துளையானால் அவ்வளையத்தையே அது தின்றுவிடும்.

பேத்தி தகட்டை வாங்கிக்கொண்டாள். இம்முறை அவளாகவே கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்த்தாள். மீண்டும் உப்புத்தாளை எடுத்தாள். அவள் அத்துளைக்குச் செலவிட்ட நேரம் பெரிய வட்டத்திற்குச் செலவிட்டதினும் குறைந்ததன்று.

கடைசியாகப் பட்டறைக்காரர் நிலத்தொடர்புக் கம்பியைப் பெட்டியோடு பிணைத்தார். ‘எர்த்’ என்று அதனைச் சொல்வர். கூட்டில் தவறி மின்சாரம் பாய்ந்தாலும், அது மனிதர் உடல் வழியே செல்லாமல் இக்கம்பி வழியே நிலத்திற்குச் செல்லும். காப்பிழை உருகி இணைப்பு அறுபடும். இங்கும் அலுமினியத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். வெட்டிய இடம் காற்றுப் பட்டவுடனே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்துக்கொள்கிறது. இரும்பைப் போல் அது துருப்பிடித்து அழியாமைக்குக் காரணம் அத்தோலே. ஆனால், அத்தோல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால், கம்பி பிணைக்கும் இடத்தை உப்புத்தாளால் நன்கு சுரண்டி, பல்லுள்ள வளையத்தை இடையில் வைத்து இறுகத் திருகினார். பின்னர் அளவுகருவியின் ஒரு முனையைச் செருகியிலும் மறுமுனையைக் கூட்டிலும் வைத்து, இணைப்பு உண்டா என்று சோதித்த பிறகே பெட்டியை எங்களிடம் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தார். பேத்தி தரையைப் பெருக்கித் துணுக்குகளை ஒரு டப்பாவில் இட்டாள். கீழே விழுந்த பல்விளிம்பு வட்டத்தை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை மண்டபத்தில் பெட்டியை வைத்தோம். மேற்பக்கத்துக் காற்றுத்துளைகள் இரண்டு வரிசையும் நூல் பிடித்தாற்போல் நின்றன. கண்ணப்பர் வரலாற்றை அன்று படித்தேன். கடைசித் தூணருகில் சாய்ந்து அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர், பல மாதங்களாக என்னை நோக்கித் தலையை ஆட்டிக்கொண்டிருப்பவர், நான்கு பாடல் முடியுமுன் கையை உயர்த்தினார்.

“புலவரே, சத்தத்தைச் சற்றுக் குறையுங்கள்” என்றார். பேத்தி எழுந்துபோய்க் குமிழைத் திருப்பினாள்.